என் கைப்பையில் இருந்த சாவி

ஜூன் 3, திங்கள்

பிரஷர் மாத்திரையோடு தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது என்னால் ஆகாத காரியம். டைரி எழுதினாலும் மனசு லேசாகும் என்று எதிலோ படித்தேன். கம்பெனி கொடுத்த டைரி ஐந்து மாதமாக பீரோ மேல் சும்மா கிடக்கிறது. ஆகவே இன்றிலிருந்து எழுதுகிறேன்.

இன்று எங்கள் பனியன் கம்பெனியில் வானவில் விழா. திருநங்கைகள், ஒரே பாலில் அன்பு கொண்டவர்கள் எல்லோருக்கும் ஆதரவாக ஜூன் மாதத்தில் விழா எடுத்து போட்டோ அனுப்புங்கள் என்று எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் மெயில் போட்டிருந்தார். எம்.டி. அதை 'அரசி பார்த்துக்கொள்ளவும்' என்று என் பக்கம் தள்ளிவிட்டார். மங்கையர்க்கரசி, வெல்ஃபேர் ஆபீசர், பதினொரு வருட சர்வீஸ். பார்த்துக்கொண்டேன். கட்டிங்கில் மிஞ்சிய துணியில் கலர் கலராகப் பொறுக்கி ஒரு கொடி தைக்கச் சொன்னேன். ஊதா மட்டும் கிடைக்கவில்லை, நேவி புளூவை வைத்துச் சமாளித்தோம்.

கேக் வெட்டியது சஹானா. ஜனவரியில் செக்கிங்கில், தைத்த பனியனைச் சரிபார்க்கும் வேலையில், சேர்ந்தவள். எங்கள் கம்பெனிக்கு வந்த முதல் திருநங்கை. அவளை வேலைக்கு எடுத்தது நான்தான் என்று இங்கே எழுதி வைப்பதில் தப்பில்லை. மைக்கைப் பிடித்து, "வருஷத்துல ஒரு மாசம் இல்ல, பன்னெண்டு மாசமும் உங்களோட நிப்போம்" என்று பேசினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேச்சு டாப் என்றார் எம்.டி. வீடியோவும் எடுத்திருக்கிறார்கள்.

ராத்திரிக்கு தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 12, புதன்

ஷிப்மென்ட் வாரம். தலைக்கு மேல் வேலை. மதியத்துக்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் திருமூர்த்தி வந்து நின்றார். "மேடம், லேடீஸ் பாத்ரூம் விஷயமா ரெண்டு பொம்பளைங்க வந்து சொல்றாங்க. போறதுக்குச் சிரமமா இருக்குதாமா. இப்ப சஹானா வேற வந்திருக்குதில்லீங்களா" என்றார். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லாமல் எனக்கு விளங்கிவிட்டது. எந்த ஊரில்தான் இந்தப் பேச்சு இல்லை?

நான் சத்தம் போடவில்லை. யார் மனசும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபீஸ் பக்கம் ஒரு கெஸ்ட் டாய்லெட் இருக்கிறது. பையர் வந்தால் உபயோகிப்பார். மற்ற நாளில் நான் ஒருத்திதான். எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சாவி என்னிடம். சஹானாவைக் கூப்பிட்டு, "இனிமே நீ ஃப்ளோர் பாத்ரூமுக்குப் போக வேண்டாம். என்கிட்ட சாவி வாங்கிக்க. டைல்ஸ், கண்ணாடி, ஹேண்ட் வாஷ் எல்லாம் இருக்கு. ராணி மாதிரி போயிட்டு வா" என்றேன்.

அவள் என் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்தவங்ககூட போகக் கூடாதுங்களா மேடம்?" என்றாள். உனக்கென்று தனியாகவே ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றேன். "சரிங்க" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல.

ஜூலை 9, செவ்வாய்

சாவிக்கு ஃபேன்சி கடையில் வானவில் கலரில் ஒரு சாவிக்கொத்து வாங்கி மாட்டினேன். அழகாக இருக்கிறது.

செக்கிங்கிலிருந்து என் மேசைக்கு வர வேண்டுமானால் இரண்டு லைன் தையல்காரர்களையும் பேக்கிங்கையும் தாண்டி மாடிப்படி இறங்க வேண்டும். சஹானா அப்படி ஒரு நாளைக்கு மூன்று தடவை வருகிறாள். நான் போனில் இருந்தால் ஒரு விரலைக் காட்டுவேன். அவள் ஃபைல் ரேக் பக்கத்தில் நிற்பாள். இன்று ஒரு கால் நீண்டுகொண்டே போனது, இருபது நிமிடம் இருக்கும். அக்கவுன்ட்ஸ் தங்கவேல், "ஏம்மா, இத்தனை தடவையா? ஒரு ரிஜிஸ்டர் போட்டு கையெழுத்து வாங்கிரலாமா?" என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 6

சஹானா இப்போதெல்லாம் ஒரே ஒரு தடவைதான் வருகிறாள். ஏற்பாடு செட்டாகிவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

சாயங்காலம் ஃப்ளோரில் ஒரு சுற்றுப் போனேன். சஹானாவின் மேசை ஓரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், காலையில் பிடித்தது பிடித்தபடி நிறைந்திருந்தது. இந்த வேக்காட்டில் ஒருத்தி தண்ணீர் குடிக்காமல் எப்படி இருக்கிறாளோ. டீயாவது குடித்தாயா என்றேன். டீயை விட்டுவிட்டதாகச் சொன்னாள். நல்ல பழக்கம்தான், நானும் விடப் பார்க்கிறேன், முடியவில்லை.

உதடு வெடித்திருந்தது. வாசலின் போடச் சொன்னேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சஹானாவும் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் மாரித்தாயும் சேர்ந்து லைன் முழுக்க மாவிலை கட்டினார்கள். பொரி சுண்டலோடு ஆளுக்கு ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தோம். சஹானா டம்ளரை வாயில் வைப்பது போல வைத்துவிட்டு மாரித்தாயின் பக்கம் நகர்த்தினாள். சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மாரித்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, அவள் பார்வையே அப்படித்தான்.

நவம்பர் 20, புதன்

தாராபுரத்தில் அக்கா மகள் கல்யாணம். காலையிலேயே வந்துவிட்டோம். மண்டபத்தில் ஊக்கு எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டால் வானவில் கொத்து கையில் வருகிறது. கொடுத்துவிட்டு வர மறந்துவிட்டேன். போன் பண்ணலாமென்றால் இங்கே சிக்னல் சரியில்லை. ஆபீஸில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

நவம்பர் 21

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. ரசத்தில் உப்பு கம்மி.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் சஹானாவின் ஸ்டூல் காலியாக இருந்தது. நான் பையை வைப்பதற்குள் மாரித்தாய் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு சஹானா சாவி கேட்டு ஆபீஸுக்கு வந்திருக்கிறாள். மேடம் லீவு என்றிருக்கிறார்கள். வீட்டுக்காவது போய்விட்டு வருகிறேன் என்று வாசல் கேட்டுக்குப் போயிருக்கிறாள். வெளியே விட அவுட் பாஸ் வேண்டும், அதில் என் கையெழுத்து வேண்டும். செக்யூரிட்டி விடவில்லை. திருமூர்த்தி, மேடம் வரட்டும் என்றிருக்கிறார். எங்கள் ஷிஃப்ட் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை. அடுத்த நாள் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறாள். நாலு மணிக்கு செக்கிங் மேசையைப் பிடித்தபடி எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். மாரித்தாயும் இன்னும் இருவரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்போது மட்டும் கேட் திறந்திருக்கிறது.

"எங்ககூட வான்னு புதன்கெழமையே சஹானா கையப் புடிச்சு இழுத்தேன் மேடம். மேடம் போகக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, வேலை போயிரும்னு சொல்லிச்சு" என்றாள் மாரித்தாய்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் ஆப்பிள் வாங்கினேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மட்டும் எனக்குச் சரியாகத் தெரிகிறது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். மூத்திரக் குழாயில் ஆரம்பித்த கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள். டாக்டரம்மா சின்ன வயசுதான், வந்ததும் சஹானாவிடம் கோபப்பட்டார். எத்தனை நாளாக இப்படித் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"ஜூன் மாசத்துல இருந்துங்க" என்றாள் சஹானா.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் யார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சஹானாவே சொன்னாள். "எங்க மேடமுங்க. இவங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க டாக்டர். நான் கேக்கறப்பெல்லாம் சாவி குடுத்துட்டுத்தான் இருந்தாங்க. எனக்குத்தான் கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சுங்க."

சாவி அப்போதும் என் தோளில் தொங்கிய பைக்குள்தான் இருந்தது.

நவம்பர் 23, சனி

மூன்று நாள் முன்னால் எழுதியதைப் படித்தேன். எனக்கு மட்டுமே எழுதிக்கொள்கிற டைரியில்கூட பொய் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் சிக்னல் இருந்தது. நாலு கோடும் இருந்தது.

நடந்தது இதுதான். ஊக்கு தேடியபோது மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜூன் மாத வீடியோவை யாரோ அவர் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "இவிங்ககூடவெல்லாம் பொழங்கறீங்களா நீங்க?" என்று கேட்டார். முகத்தில் அருவருப்பு. நான் என்ன சொன்னேன் என்பது ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அட, அது பையருக்காக ஒரு நாள் கூத்துங்க. மத்தபடி அவிங்களை நாங்க தனியாத்தான் வெச்சிருக்கறம்." அவர் சமாதானமாகித் தலையாட்டினார். அடுத்த நிமிடம் சாவி கையில் அகப்பட்டது. அவர் எதிரில் கம்பெனிக்கு போன் பண்ணி சஹானாவுக்கு பாத்ரூம் பூட்டை உடைத்தாவது திறந்துவிடச் சொல்ல வேண்டும். கொத்தை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். வெளியே வந்து பேசியிருக்கலாம். என் வீட்டுக்காரரை பைக்கில் அனுப்பியிருந்தால் ஒன்றே கால் மணி நேரத்தில் சாவி போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜூலை மாதம் தங்கவேல் கிண்டலடித்தபோது நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். சஹானா நேராக என்னைத்தான் பார்த்தாள், அதனால் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

இந்த டைரியைத் தொடவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

நடந்த சம்பவத்துக்கு ரிப்போர்ட் கேட்டார் எம்.டி. பையருக்கு ஒரு காப்பி போகும். எழுதிக் கொடுத்தேன்: 'தொழிலாளி போதிய அளவு தண்ணீர் அருந்தாததால் உடல்நலக் குறைவு ஏற்பட்டது. நலன் அலுவலரால் உரிய ஆலோசனை வழங்கப்பட்டது.' சாவி பற்றி ஒரு எழுத்து இல்லை. அவுட் பாஸ் பற்றியும் இல்லை. நீட்டாக இருக்கிறது என்றார். கீழே என் பெயர், கையெழுத்து, சீல்.

டிசம்பர் 9

சஹானா வேலைக்குத் திரும்பினாள். கழுத்தெலும்பு தெரிகிறது. சாவியை கெஸ்ட் டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியடித்து மாட்டிவிட்டேன், இனி யாரிடமும் கேட்க வேண்டாம் என்றேன். "தேங்க்ஸுங்க மேடம்" என்றாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆணியைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 20

பொங்கல் லீவு முடிந்தது. ஆணியில் தொங்கும் கொத்தில் தூசி. அவள் எடுப்பதே இல்லை. மறுபடியும் அடக்குகிறாளோ என்று பயந்துவிட்டேன். ஃப்ளோருக்குப் போய்ப் பார்த்தால் பாட்டில் பாதி காலி. நான் பார்க்கும்போதே மாரித்தாய் அதை வாங்கிப்போய் நிறைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் புரியவில்லை. கேட்கலாம். கேட்காமலே கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பையர் அனுப்பிய ஆடிட்டர் வந்தார். தொழிலாளர்களைத் தனியாக அறையில் உட்காரவைத்துப் பேசினார். சஹானா உள்ளே அரை மணி நேரம் இருந்தாள். அந்த அரை மணி நேரமும் நான் சிவன்மலை முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன். என்ன வேண்டினேன் என்று எழுதக் கை கூசுகிறது. இவள் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டினேன்.

வேண்டுதல் பலித்தது. உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாள் என்றார் ஆடிட்டர். எனக்கு மூச்சு வந்தது, அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அசிங்கமாகிவிட்டது. மாடிப்படியில் சஹானாவை வழிமறித்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேலை வேணுமுங்களே மேடம்" என்றாள். கோபம்கூட இல்லை. நேரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

ஏப்ரல் 2

எழுத ஒன்றும் இல்லை. அதாவது, இருக்கிறது.

மே 28, புதன்

இந்த வருடமும் வானவில் விழா. போன வருடத்தை விட கிராண்டாகச் செய்யச் சொல்லி எம்.டி. மெயில் போட்டிருக்கிறார். கூடவே 'அரசி மேடம் ஸ்பீச் அவசியம்' என்று ஒரு வரி.

சஹானாவிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? முதலில் மாரித்தாயைப் பார்க்கலாம் என்று போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சஹானா எந்த பாத்ரூமுக்குப் போகிறாள் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். எங்களோடுதான் என்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து. போன வருடம் நீங்கள்தானே அதற்கு ஆட்சேபம் சொன்னீர்கள் என்றேன்.

அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"நாங்க எங்க மேடம் ஆட்சேபம் சொன்னோம்? கதவுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சுட்டு நிக்கணும். அதத்தான் நானும் செல்வியும் சூப்பர்வைசர்ட்ட சொன்னோம். சஹானா வேற புதுசா வந்திருக்கு, அதுக்கும் கூச்சமா இருக்கும்லா, வெரசா ஒரு தாப்பா போட்டுக் குடுங்கன்னு."

அவள் நிறுத்தவில்லை. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தது உண்மைதான், அதை மறைக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு சஹானா பாட்டுக்கு டைல்ஸ் பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்து, எங்களோடு வர இஷ்டமில்லை போல என்று நினைத்துக்கொண்டோம் என்றாள். சஹானாவோ, இவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பேசும்போதுதான் இரண்டு பக்கமும் விஷயம் முழுசாகத் தெரிந்திருக்கிறது.

"டிசம்பர்ல சஹானாவே கடைல தாப்பா வாங்கி, அதுவே ஸ்க்ரூ முடுக்கிருச்சு. நல்லா இருக்கு மேடம், இப்ப யாரும் காவல் நிக்க வேண்டாம்" என்றாள் மாரித்தாய்.

கழிப்பறைப் பரிசோதனை ரிஜிஸ்டர் என் மேசை டிராயரில் இருக்கிறது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். போன வருடம் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, கதவு, தாழ்ப்பாள் என்ற கட்டத்தில் ஏழு டிக். ஏழும் என் கை. அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை. இத்தனை வருட சர்வீஸிலும் போனதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சஹானாவை ஆபீஸுக்குக் கூப்பிடவில்லை. இரண்டு லைனையும் தாண்டி நானே செக்கிங் மேசைக்குப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன வருடம் அவள் சாவிக்காக நடந்த வழி இதுதான். இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் நான் பேசியதையும் விடவில்லை. கையிலிருந்த பனியனைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன். முதல் தடவையாக அவளை 'நீங்க' என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. டிசம்பர் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதித் தருகிறேன், ஆனால் அதில் உங்கள் விஷயமும் வெளியே வரும், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க மேடம். அடுத்து ஒருத்தி வருவாளுங்கில்ல" என்றாள். நாளைக்கு கேக் வெட்டவும் வருகிறேன், மாரித்தாயக்காவும் கூட நிற்க வேண்டும் என்றாள். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"நாளைக்கு நீங்க மட்டும் பேச வேண்டாமுங்க மேடம்."

ஜூன் 4, புதன்

போன வருடக் கொடியே இந்த வருடமும். ஸ்டோர் ரூமில் கிடந்து நேவி புளூ பக்கம் எலி கடித்திருந்தது. பெண்கள் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். சஹானாவும் மாரித்தாயும் சேர்ந்து கேக் வெட்டினார்கள். கைதட்டல் முடிந்ததும் எம்.டி. மைக்கை என்னிடம் நீட்டினார். எதிரே சஹானா நின்றிருந்தாள். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினேன். அதுவும் பொய்தான். உண்மையைச் சொல்லிப் பேசாமல் இருக்கும் தைரியம்கூட எனக்கு இன்னும் வரவில்லை.

விழா முடிந்ததும் புது ரிப்போர்ட்டை எம்.டி. மேசையில் வைத்தேன். சாவி, அவுட் பாஸ், ஏழு டிக், என் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினார். இது பையருக்குப் போக வேண்டுமா என்றார். போக வேண்டும் என்றேன். நாளைக்குப் பேசலாம் என்றார், குரல் மாறியிருந்தது. என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் கெஸ்ட் டாய்லெட்டைத் தாண்டி, மாடியேறி, இரண்டு லைனையும் கடந்து பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். வேண்டாம் என்று ஏழாவதாக நின்றேன். உள்ளே டைல்ஸ் இல்லை, கண்ணாடி இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். நான்கு ஸ்க்ரூவும் இறுக்கமாக முடுக்கியிருந்தது. வெளியே அடுத்தவள் காத்திருக்கிறாள் என்பதுகூட மறந்துபோய் அதைப் பிடித்தபடி நின்று அழுதேன்.